உளுந்து கரும்பச்சையா நிக்குது, வேர்ல முடிச்சே இல்ல. நைட்ரேட் தான் காரணமா?

செம்மண்கொல்லை (பண்ருட்டி) எழுதியது:

வணக்கம். பண்ருட்டிக்கு மேற்கே செம்மண் கொல்லை, ஒரு ஏக்கர். மறுதாம்புக் கரும்பு (வெட்டிய கட்டையிலிருந்து திரும்பத் துளிர்த்தது) வெட்டி, சோகையை (காய்ந்த கரும்பு இலை) வெளியே அள்ளிவிட்டு, மாசியில் வம்பன் 8 ரக உளுந்து விதைப்பு. இறவை. இன்றைக்கு 24-வது நாள்.

விதை 8 கிலோ, 200 கிராம் ரைசோபியம் (வேரில் முடிச்சு போட்டு, காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா) பொட்டலம் ஒன்று, ஆறிய கஞ்சியில் நேர்த்தி. அடியுரம் யூரியா 25 கிலோ, டிஏபி 45 கிலோ. மண்வள அட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) எக்டேருக்கு 210 கிலோ, "குறைவு" என்று இருந்ததால் யூரியாவைக் கொஞ்சம் கூட்டிப் போட்டது. பிஎச் 6.6, ஈசி (உப்பைக் காட்டும் அளவு) 0.3. போர் தண்ணீரில் நைட்ரேட் (நீரில் கரையும் தழைச்சத்து வடிவம்) லிட்டருக்கு 90 மில்லிகிராம். இதுவரை மூன்று தண்ணீர் பாய்ந்திருக்கிறது.

பத்துச் செடியைத் தோண்டிப் பார்த்ததில் ஏழில் முடிச்சே இல்லை. மூன்றில் ஒன்றோ இரண்டோ, கடுகு அளவில், அதுவும் பக்க வேரில், நாலு விரல் ஆழத்துக்குக் கீழே. ஆணிவேரின் கழுத்துப் பகுதி மொழுமொழு என்று இருக்கிறது. ஆனால் செடி நல்ல கரும்பச்சை, வளர்த்தியும் குறைவில்லை. அதே போர் தண்ணீர் பாயும் பக்கத்து மல்லாட்டையில் (நிலக்கடலை) முடிச்சு ஓரளவு இருக்கிறது.

கேட்க வேண்டியவை: அட்டையில் "குறைவு" என்று போட்ட மண்ணில் நைட்ரேட் எப்படி மிகும்? நைட்ரேட் ரைசோபியத்தைக் கொன்றுவிடுமா? வேரைக் கழுவிப் பார்த்தவர் ஒருவர் "வேர்த்தூவியே (வேர் மேல் இருக்கும் நுண்ணிய மயிர்) இல்லை, நைட்ரேட் எரித்துவிட்டது" என்கிறார், சரியா? மல்லாட்டை மட்டும் எப்படித் தப்பித்தது? இப்போது என்ன செய்வது?


வேரடி (சிதம்பரம்) எழுதியது:

நல்ல விவரமாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் பதிலும் சுலபம். முதலில் இலை நிறம். முடிச்சு இல்லாததற்குக் காரணம் பாக்டீரியா போதாமை என்றால் 24-ம் நாளில் அடி இலை வெளுத்திருக்கும். விதையில் இருந்த தழைச்சத்து தீர்ந்து, மண்ணிலும் கிடைக்காமல், முடிச்சும் வேலை செய்யாமல் செடி மஞ்சளாகும் நேரம் இது. உங்கள் செடி கரும்பச்சை. அதாவது தழைச்சத்து எங்கிருந்தோ தாராளமாக வருகிறது. முடிச்சு இல்லை, பச்சை உண்டு என்றால் முதல் சந்தேகம் நைட்ரேட் மேல்தான்.

நைட்ரேட் ரைசோபியத்தைக் கொல்லாது. உளுந்தில் முடிச்சு போடும் பிராடிரைசோபியம் வகைகளில் பல நைட்ரேட்டையே தழைச்சத்து உணவாக எடுத்துக்கொள்ளும். காற்று இல்லாத இடத்தில் சில வகை அதை வைத்து மூச்சும் விடும். பாக்டீரியா உயிரோடுதான் இருக்கிறது, செடிதான் கதவைத் திறக்கவில்லை. பாக்டீரியாவை நிஜமாகவே கொல்வது வேறு: நேர்த்தி செய்த விதையை யூரியாவோடோ டிஏபியோடோ ஒரே கூடையில் கலந்து தூவுவது, நேர்த்தி செய்த விதையை வெயிலில் காயப்போடுவது, பூஞ்சாணக்கொல்லியும் ரைசோபியமும் ஒரே நாளில் தடவுவது. பூஞ்சாணக்கொல்லிக்கும் ரைசோபியத்துக்கும் நடுவே 24 மணி நேரம் விட வேண்டும்.

இப்போது கதவு விஷயம். உளுந்து, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, சோயா எல்லாவற்றிலும் பாக்டீரியா நுழைவது வேர்த்தூவி வழியாக. வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால், தூவி அப்போதுதான் மொட்டுவிடும் சிறு வளையம் ஒன்று இருக்கும். அந்த இடம்தான் தொற்றுக்கு இணங்கும். வேர் நீள நீள அந்த வளையமும் நகர்ந்து போகும். சோயாவில் அளந்து பார்த்ததில், ஒரு குறிப்பிட்ட புள்ளி தொற்றுக்குத் தயாராக இருப்பது சில மணி நேரம்தான். முற்றிய தூவியில் பாக்டீரியா ஒட்டினாலும் பெரும்பாலும் பயனில்லை.

அந்தச் சில மணி நேரத்தில் நடப்பது இது. வேர் ஃபிளேவனாய்டு என்ற பொருளைக் கசிய விடுகிறது. அதை உணர்ந்த ரைசோபியம் "நாட் காரணி" என்ற சர்க்கரைக் கொழுப்பை வெளியிடுகிறது. அது பட்டதும் நேராக வளர்ந்துகொண்டிருந்த தூவி நுனி வளைந்து, துரட்டிக் கொக்கி மாதிரி சுருண்டு, பாக்டீரியாவைத் தன் மடிப்புக்குள் பிடித்துக்கொள்கிறது. மடிப்புக்குள்ளிருந்து ஒரு நூல் போன்ற குழாய், தொற்று இழை, தூவிக்குள்ளேயே கீழே இறங்கிப் புறணிக்கு (வேர்த் தோலுக்கு உள்ளே இருக்கும் திசு) போகிறது. அங்கே செல்கள் பிரிந்து முடிச்சாகத் திரள்கின்றன.

நைட்ரேட் இந்தச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியை மட்டும் அறுப்பதில்லை. ஃபிளேவனாய்டு கசிவு குறைகிறது. சுருளும் தூவிகளின் எண்ணிக்கை குறைகிறது. சுருண்டதிலும் தொற்று இழை பாதியில் நின்றுவிடுகிறது. புறணியில் திரளத் தொடங்கிய முடிச்சு கடுகு அளவிலேயே தங்கிவிடுகிறது. குதிரைமசாலில் சோடியம் நைட்ரேட் தூவிச் சுருளலையும் தொற்றையும் குறைப்பதை இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் தார்ன்டன் 1936-லேயே காட்டிவிட்டார். வெள்ளைக் குளோவரில் தூவியின் மேல் ரைசோபியம் ஒட்டுவதே நைட்ரேட் ஏற ஏறக் குறைவதை 1978-ல் டாசோவும் பிரில்லும் காட்டினார்கள்.

"தூவியே இல்லை" என்றவர் சொன்னதை எடுத்துக்கொள்ள வேண்டாம். மண்ணிலிருந்து எடுத்துக் கழுவிய வேரில் தூவி இருக்காது. மண் துகளோடு அறுந்து போய்விடும், எந்த நிலத்து வேரானாலும் சரி. பார்க்க ஆசை என்றால் வழி இருக்கிறது. ஈரமான வடிதாளில் உளுந்து விதையை வைத்துச் சுருட்டி, டம்ளரில் நிற்க வையுங்கள். ஒன்றுக்கு மழைத்தண்ணீர், இன்னொன்றுக்கு லிட்டருக்கு 1 கிராம் 13:0:45 (பொட்டாசியம் நைட்ரேட் உரம்) கரைத்த தண்ணீர். அது லிட்டருக்குச் சுமார் 10 மில்லிமோல் (கரைசலின் செறிவைச் சொல்லும் அளவு) நைட்ரேட். நான்காம் நாள் 10 மடங்கு கைலென்ஸில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தூவி எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு நீளம் என்பது பயிருக்குப் பயிர், மணிச்சத்து (பாஸ்பரஸ்) நிலைமைக்கு ஏற்பவும் மாறும், அதை வைத்துப் பெரிய முடிவு எடுக்க முடியாது. சுருளல்தான் உண்மையான அடையாளம், ஆனால் அதற்கு நுண்ணோக்கி வேண்டும்.

நீங்கள் சொன்ன இன்னொரு அடையாளம் எனக்கு முக்கியமாகப் படுகிறது: கழுத்து மொழுமொழு, கீழே பக்க வேரில் சிறு முடிச்சு. முடிச்சு எங்கே இருக்கிறது என்பது எப்போது தொற்று நடந்தது என்பதற்குச் சாட்சி. ஆணிவேர்க் கழுத்தில் கொத்தாக இருந்தால் முதல் வாரத்திலேயே தொற்றியிருக்கிறது. கழுத்து வெறுமையாக இருந்து பக்க வேரில் மட்டும் இருந்தால், ஆரம்பத்தில் ஏதோ தடுத்திருக்கிறது, வேர் அந்த அடுக்கைத் தாண்டிய பிறகு தொற்றியிருக்கிறது. உரம் கலந்த மேல் அடுக்கில்தான் தடை என்று வேரே எழுதி வைத்திருக்கிறது.


மண்கணக்கு (கடலூர்) எழுதியது:

அட்டையைப் பற்றி நான் சொல்கிறேன், இது நிறைய பேருக்குக் குழப்பம்.

மண்வள அட்டையில் வரும் "கிடைக்கும் தழைச்சத்து" காரப் பெர்மாங்கனேட் முறையில் அளப்பது. 1956-ல் சுப்பையா, அசிஜா இருவரும் கொடுத்த முறை, நாடு முழுக்க இன்றும் அதுதான். எளிதில் சிதையும் அங்கக தழைச்சத்திலிருந்தும் அம்மோனியத்திலிருந்தும் வரும் அம்மோனியாவைத்தான் அது பிடித்து அளக்கிறது. நைட்ரேட் அந்தக் கணக்கில் வராது. எக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே "குறைவு" என்று அச்சாகும். அங்ககக் கரி குறைவான நம் செம்மண் எப்போதுமே அந்த வரிசையில்தான் இருக்கும். அதே மண்ணில் அன்றைக்கு நைட்ரேட் ததும்பிக்கொண்டிருந்தாலும் அட்டைக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, நைட்ரேட் வாரத்துக்கு வாரம் மாறும் சரக்கு. போன வருடத்து அட்டை இந்த மாசி மாதத்து நைட்ரேட்டைச் சொல்லாது.

இப்போது உங்கள் கொல்லைக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்ப்போம். யூரியா 25 கிலோவில் 11.5 கிலோ தழைச்சத்து. டிஏபி 45 கிலோவில் 8.1 கிலோ. ஆக 19.6. இறவை உளுந்துக்குப் பல்கலைக்கழகப் பரிந்துரை எக்டேருக்கு 25 கிலோ, ஏக்கருக்கு 10. கிட்டத்தட்ட இரட்டிப்பு போட்டிருக்கிறீர்கள்.

அடுத்து தண்ணீர். நைட்ரேட் 90 மில்லிகிராம் என்றால் 4.43-ஆல் வகுக்க, தழைச்சத்தாக 20 மில்லிகிராம். ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் சுமார் 2 லட்சம் லிட்டர். ஒரு தண்ணீருக்கு 4 கிலோ தழைச்சத்து. மூன்று தண்ணீருக்கு 12 கிலோ, அதாவது 26 கிலோ யூரியாவுக்குச் சமம், காசில்லாமல், கணக்கிலும் இல்லாமல். குடிநீருக்கான இந்தியத் தர எல்லை 45 மில்லிகிராம். உங்கள் போர் அதற்கு இரட்டிப்பு, அதனால் இந்தத் தண்ணீரைக் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கப் பயன்படுத்த வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இதற்கு மேல் கரும்புப் பாக்கி. கரும்புக்கு ஏக்கருக்கு 110 முதல் 120 கிலோ தழைச்சத்து பரிந்துரை, மறுதாம்புக்கு அதைவிடக் கூட. கடைசி மேலுரம் தாமதமாகப் போயிருந்தால் மிச்சம் இருக்கும். வெட்டிய பிறகு காய்ந்து கிடந்த மண்ணை உழுது முதல் தண்ணீர் விட்டதும் நுண்ணுயிர்கள் திடீரென்று விழித்து அங்ககப் பொருளைச் சிதைத்து நைட்ரேட்டைக் கொட்டும். காய்ந்த மண் நனையும்போதெல்லாம் இது நடக்கும், கோடை மழைக்குப் பிறகு விதைக்கிறவர்களும் கவனிக்க வேண்டியது.

யூரியா போட்ட அன்றே நைட்ரேட் ஆகிவிடாது. சில நாளில் அம்மோனியம், அதன்பிறகு காற்றோட்டமுள்ள மண்ணில் இரண்டு மூன்று வாரத்துக்குள் பெரும்பகுதி நைட்ரேட். உளுந்தில் முடிச்சு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிப்பது 10 முதல் 14-ம் நாளுக்குள். இரண்டு கடிகாரமும் ஒரே நேரத்தில் மணி அடிக்கிறது, அதுதான் சிக்கல்.

கையிலேயே அளக்கலாம். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் நைட்ரேட் பட்டை போதும். கொல்லையில் எட்டுப் பத்து இடத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, 20 கிராம் நிறுத்து, 100 மில்லி மழைத்தண்ணீரோ பேட்டரித் தண்ணீரோ ஊற்றி, ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி, களி அடங்க ஒரு சிட்டிகை ஜிப்சம் போட்டு, தெளிந்த நீரில் பட்டையை நனைத்துப் பார்க்க வேண்டும். போர் தண்ணீரில் கரைத்தால் அதன் நைட்ரேட்டையும் சேர்த்து அளப்பீர்கள். பட்டை காட்டும் நைட்ரேட் எண்ணை 5-ஆல் பெருக்கி 4.43-ஆல் வகுத்தால் மண்ணில் நைட்ரேட் தழைச்சத்து, பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) அளவில். ஈர மண்ணை நிறுத்திருந்தால் 10 முதல் 15 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த பிபிஎம்மை 0.85-ஆல் பெருக்கினால் மேல் 15 சென்டிமீட்டரில் ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று வரும். எடுத்த மண்ணை அன்றே பாருங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு நாள் வண்டிப் பெட்டியில் வைத்தால் பைக்குள்ளேயே நைட்ரேட் ஏறிவிடும்.


ஏரிப்பாசனம் (பாகூர்) எழுதியது:

மல்லாட்டை கேள்விக்கு யாரும் வரவில்லையே. அதற்கு வேர்த்தூவி வழி கிடையாது. பக்க வேர் ஆணிவேரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில் விரிசல் விழும், அங்கே சின்னக் கொத்தாகத் தூவி இருக்கும். ரைசோபியம் அந்த விரிசல் வழியாகவே நேராகப் புறணிக்குள் போய்விடும். சுருளலும் கிடையாது, தூவிக்குள் இறங்கும் தொற்று இழையும் கிடையாது. ஒரு மல்லாட்டைச் செடியைக் கழுவிப் பார்த்தால், ஒவ்வொரு முடிச்சும் பக்க வேர் கிளைக்கும் கக்கத்தில் உட்கார்ந்திருப்பது தெரியும். உளுந்தில் அந்த ஒழுங்கு இருக்காது. மணிலா அகத்தி இன்னும் கெட்டிக்காரச் செடி, தண்ணீர் கட்டிய நிலத்தில் விரிசல் வழி, காய்ந்த மண்ணில் தூவி வழி, தண்டிலும் முடிச்சு போடும்.

அதனால் தூவிச் சுருளலை நைட்ரேட் தடுப்பது மல்லாட்டையை அந்த வழியில் தொடாது.


வேரடி எழுதியது:

பாகூர் ஐயா சொன்ன விரிசல் வழி முழுக்கச் சரி. ஆனால் அதனால் மல்லாட்டை நைட்ரேட்டுக்குத் தப்பிவிடும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நுழைவு எந்த வழியாக இருந்தாலும் முடிச்சு உருவாவதும், பெருப்பதும், வேலை செய்வதும் நைட்ரேட்டுக்குக் கட்டுப்பட்டவைதான். மல்லாட்டையிலும் அதிக யூரியா முடிச்சைக் குறைக்கும். செம்மண்கொல்லை நண்பர் சொல்ல வேண்டியது: அந்த மல்லாட்டைக்கு அடியுரம் எவ்வளவு, வயது என்ன, அதற்கு முன் அங்கே கரும்பு இருந்ததா?

இன்னொரு செய்தி உரம் வைக்கும் முறைக்கு உதவும். ஒரே செடியின் வேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை நைட்ரேட்டிலும் மறு பாதியை நைட்ரேட் இல்லாமலும் வளர்த்துப் பார்த்தால், முடிச்சு பெரும்பாலும் நைட்ரேட் பட்ட பாதியில்தான் குறைகிறது. முடிச்சு எண்ணிக்கையை இலை கட்டுப்படுத்தும் ஒரு முறையும் உண்டு. முதலில் வந்த முடிச்சுகள் இலைக்குத் தகவல் அனுப்பும், இலை "போதும்" என்று திருப்பி அனுப்பும். அந்தத் தகவலை உணரும் மரபணு கெட்டுப்போன சோயா விகாரிகள் (மரபணு மாறிய செடிகள்) நைட்ரேட் நிறைந்த மண்ணிலும் ஏராளமாக முடிச்சு போடும், 1985-ல் ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்தார்கள். முடிச்சு அதிகம் என்பதால் விளைச்சல் ஏறிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், செடி முடிச்சுக்கே சர்க்கரையைக் கொட்டி மெலிந்து போகும். ஆக, நைட்ரேட்டின் அடி பெரும்பாலும் அது பட்ட இடத்து வேரில். அதனால்தான் டிஏபியைப் பரவலாக வீசாமல் விதை வரிசைக்கு 5 சென்டிமீட்டர் பக்கவாட்டில், 5 சென்டிமீட்டர் கீழே வைப்பது நல்லது. கழுத்து வேர் சுத்தமான மண்ணில் இருக்கும்.


செம்மண்கொல்லை எழுதியது:

நன்றிங்க. மல்லாட்டை 48 நாள் பயிர், யூரியாவே போடவில்லை, ஜிப்சம் மட்டும். முன்பு அங்கே எள். அப்ப ஒப்பிட்டதே தப்பு, புரிகிறது.

பட்டை வாங்கிப் பார்த்தாச்சு. 20 கிராம் மண், 100 மில்லி மழைத்தண்ணீர், நிறம் 25-க்கு நேராக நிற்கிறது. இனி என்ன செய்யலாம்? திரும்ப ரைசோபியம் விட்டால் பிடிக்குமா? நிறைய தண்ணீர் கட்டி நைட்ரேட்டைக் கழுவிவிடலாமா?


மண்கணக்கு எழுதியது:

25-ஐ 5-ஆல் பெருக்கி 4.43-ஆல் வகுக்க 28 பிபிஎம். ஏக்கருக்கு 24 கிலோ, அதுவும் மேல் அரையடியில் மட்டும், செடி 24 நாள் தின்ற பிறகு மிச்சம். மண்ணில் 12 சதவீத ஈரம் என்று வைத்தால் மண் நீரில் லிட்டருக்கு 230 மில்லிகிராம் தழைச்சத்து, 16 மில்லிமோலுக்கும் மேல். கரைசலில் வளர்த்துப் பார்த்த பயறு வகைகள் பலவற்றில் 2 முதல் 5 மில்லிமோலிலேயே முடிச்சு குறைய ஆரம்பிக்கும். 1 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் தொந்தரவில்லை, சில சமயம் ஊக்கமாகவும் இருக்கும். நிலமும் கரைசலும் ஒன்றல்ல, மண்ணில் வேரைச் சுற்றி உறிஞ்சப்பட்டுக் குறையும், என்றாலும் உங்கள் எண் எல்லைக்கு வெகுதூரம் மேலே.

கழுவிவிட வேண்டாம். நைட்ரேட் எதிர்மின் கொண்டது, களிமண் பிடித்து வைக்காது, உங்கள் செம்மண்ணில் சுலபமாக இறங்கும். எங்கே போகும்? இறங்கி அதே போருக்குத்தான். 90 அப்படித்தான் வந்திருக்கும். தவிர, உளுந்து மூன்று நாள் தண்ணீரில் நின்றால் வேர் மூச்சுத் திணறி, நைட்ரேட்டைவிடப் பெரிய கேடு.


வேரடி எழுதியது:

இந்தப் பயிருக்குத் திரும்ப ரைசோபியம் ஊற்றி இப்போது பயனில்லை. பாக்டீரியா குறை இல்லை இங்கே. ஒரு கணக்கு: சுமந்து வரும் தூள் வகை ரைசோபியத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிரணு இருக்க வேண்டும். 200 கிராமில் ஆயிரம் கோடி. 8 கிலோ உளுந்தில் விதை ஏறத்தாழ 1 லட்சத்து 80 ஆயிரம். விதைக்கு 55 ஆயிரம் உயிரணு. காய வைப்பதில் பாதிக்கு மேல் செத்தாலும், தொற்றுக்கு அது தாராளம். பொட்டலத்தில் காலாவதித் தேதி தாண்டவில்லை என்றால் குறையை அதன் தலையில் போட வேண்டாம்.

யூரியா மேலுரம் வேண்டவே வேண்டாம். பூக்கும்போதும் அதிலிருந்து 15 நாள் கழித்தும் 2 சதவீத டிஏபி இலைவழி தெளியுங்கள். ஏக்கருக்கு 200 லிட்டருக்கு 4 கிலோ டிஏபி, முந்தின நாள் ஊறவைத்துத் தெளிந்த நீரை மட்டும் வடித்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்தடிக்கும் முனை அடைத்துக்கொள்ளும். அதில் இருக்கும் தழைச்சத்து 700 கிராம்தான், இலை வழியாகப் போகிறது, வேரில் முடிச்சைத் தொடாது.

முடிச்சு இல்லை என்று கவலைப்பட்டுத் தூக்கம் கெடுக்க வேண்டாம். மண்ணில் கிடைக்கும் நைட்ரேட்டை எடுப்பது செடிக்குக் காற்றுத் தழைச்சத்தைப் பிடிப்பதைவிட மலிவு, அதனால்தான் அது கதவைச் சாத்தியது. இந்தப் போகத்து மகசூல் அதனால் மட்டும் விழாது. நஷ்டம் வேறு மூன்று இடத்தில்: போட்ட யூரியா காசு, தழைத்துக்கொண்டே போய்ப் பூ தாமதமாகி வெள்ளை ஈக்கும் இடம் கொடுப்பது, அறுத்த பிறகு அடுத்த பயிருக்கு மண்ணில் மிஞ்ச வேண்டிய தழைச்சத்து மிஞ்சாமல் போவது. நைட்ரேட் கரைந்து வரும்போது பக்க வேரில் தாமதமாக முடிச்சு வரும். 35-ம் நாள் இன்னொரு முறை தோண்டிப் பாருங்கள்.

காரணத்தை உறுதி செய்ய ஒரு சோதனை. அடியில் ஓட்டையுள்ள நான்கு தொட்டியில் இந்தக் கொல்லை மண். இரண்டில் மழைத்தண்ணீரை மண்ணின் கொள்ளளவுக்கு இரண்டு மடங்கு ஊற்றி வடித்துவிடுங்கள், இரண்டை அப்படியே விடுங்கள். எல்லாவற்றிலும் நேர்த்தி செய்த உளுந்து. மூன்று வாரத்தில் கழுவிய தொட்டியில் முடிச்சு, கழுவாததில் இல்லை என்றால் நைட்ரேட் தான்.


மண்கணக்கு எழுதியது:

ஒரு திருத்தம். கழுவினால் உப்பும் சேர்ந்து போகும். இவர் மண்ணில் ஈசி 0.3 என்பதால் பரவாயில்லை. கடற்கரை ஓரம், பரங்கிப்பேட்டை பக்கம் உவர் மண்ணில் இதே சோதனையைச் செய்தால் நைட்ரேட் போனதால் முடிச்சு வந்ததா, உப்பு போனதால் வந்ததா என்று சொல்ல முடியாது. உப்பும் தூவியைச் சுருளவிடாது. ஐந்தாவது தொட்டி ஒன்றைச் சேர்த்து, கழுவிய மண்ணில் லிட்டருக்கு 1 கிராம் 13:0:45 கரைத்த நீரை ஊற்றுங்கள். அதிலும் முடிச்சு வராமல் போனால்தான் தீர்ப்பு. பிஎச் 5.5-க்குக் கீழே உள்ள புளித்த செம்மண்ணிலும் முடிச்சு குறையும், அங்கே சுண்ணாம்பும் மாலிப்டினமும் பேச வேண்டிய விஷயம், நைட்ரேட் அல்ல.


வீராணம்வடகரை (காட்டுமன்னார்கோயில்) எழுதியது:

எங்க பக்கம் நெல் தரிசு உளுந்து. ஏடிடி 3 ரகம், நெல் அறுப்புக்கு வாரம் பத்து நாள் முன்ன ஈர மண்ணுல தெளிப்பு. தண்ணி கட்டின நெல் வயல்ல நைட்ரேட் நிக்காது, காத்து இல்லாத மண்ணுல பாக்டீரியா அதை வாயுவா ஆக்கி வெளிய விட்டுடும். அதனால உளுந்து முளைக்கிறப்போ நைட்ரேட் சொற்பம், முடிச்சு கழுத்துலயே கொத்தா வரும். ஆனா எங்க சிக்கல் தலைகீழ். 12-ம் நாள்லேருந்து 20-ம் நாள் வரைக்கும் பயிர் வெளுத்துக் கிடக்கும். விதைச் சத்து தீர்ந்துடுச்சு, முடிச்சு இன்னும் வேலைக்கு வரல. அந்த நேரத்துல பயந்துகிட்டு யூரியா வீசுறவங்க இருக்காங்க. வீசினா நாலு நாள்ல பச்சையாயிடும், முடிச்சு அங்கயே நின்னுடும். பொறுத்தா தானா பச்சையாகும். பொறுக்க முடியலன்னா இலைவழி டிஏபி.

ஆரம்ப தழைச்சத்து எல்லா நிலத்துக்கும் ஒரே மாதிரி 10 கிலோன்னு சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. கரும்பு, மரவள்ளி, கத்திரி போட்ட கொல்லைக்கு அது பூஜ்யம் ஆகணும்.


வேரடி எழுதியது:

அதில் எனக்கும் உடன்பாடு. 10 கிலோ என்பது மெலிந்த மண்ணுக்கு. பட்டையில் தழைச்சத்து 10 பிபிஎம்முக்கு மேல் வந்தால் ஆரம்ப யூரியாவை விட்டுவிடலாம். மணிச்சத்தை டிஏபியாகக் கொடுத்தால் தழைச்சத்தும் கூட வரும், சூப்பர் பாஸ்பேட்டாகக் கொடுத்தால் வராது. ஏக்கருக்கு 20 கிலோ மணிச்சத்து வேண்டும் என்றால் 16 சதவீத சூப்பர் 125 கிலோ. அதிலேயே கந்தகமும் கால்சியமும் உண்டு.


செம்மண்கொல்லை எழுதியது:

அடுத்த மறுதாம்பு வெட்டும்போது சோகையை அள்ளாமல் உழுது மடக்கினால் நைட்ரேட்டைப் பிடித்து வைக்குமா? எவ்வளவு நாள் முன்னால்?


மண்கணக்கு எழுதியது:

பிடிக்கும். சோகையில் தழைச்சத்து அரை சதவீதத்துக்குள்தான். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பற்றாக்குறையை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், ஒரு டன் காய்ந்த சோகை சுமார் 8 முதல் 10 கிலோ தழைச்சத்தைக் கட்டி வைக்கும். உங்கள் 24 கிலோவுக்கு இரண்டரை, மூன்று டன் போதும். துண்டாக்கும் கருவி ஓட்டி, ஈரத்தில் மடக்கி, மூன்று வாரம் விட்டு விதையுங்கள். மொத்தச் சோகையையும் மடக்கினால் எல்லை மீறி, முளைத்த உளுந்துக்கும் சேர்த்துப் பட்டினி. இன்னொரு வழி, உளுந்துக்கு முன்னால் கம்போ எள்ளோ ஒரு போகம் போட்டு மிச்சத்தை அறுவடை செய்துவிடுவது. பாய்ச்சும் போர் தண்ணீரின் 4 கிலோவை மட்டும் மறக்காதீர்கள், ஒவ்வொரு தண்ணீரையும் உரக் கணக்கில் எழுதுங்கள்.


வேரடி எழுதியது:

35-ம் நாள் பார்க்கும் முறை. பிடுங்காதீர்கள், பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே தங்கிவிடும். செடியைச் சுற்றி ஒரு சாண் விட்டு மம்முட்டியால் 20 சென்டிமீட்டர் ஆழம் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, ஆட்டாமல் மண் தானாக உதிர விடுங்கள். கொல்லையின் நான்கு மூலை, நடு, வாய்க்கால் ஓரம் என்று பிரித்து எடுங்கள், வாய்க்கால் ஓரத்தில் நைட்ரேட் அதிகம் பாய்ந்திருக்கும்.

முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் லெக்ஹீமோகுளோபின் (வேலை செய்யும் முடிச்சில் இருக்கும் சிவப்பு நிறமி), வேலை நடக்கிறது. வெள்ளை என்றால் இன்னும் முதிரவில்லை, அல்லது பயனற்ற வகை. பச்சை என்றால் வயதாகிவிட்டது. வேலை செய்துகொண்டிருந்த முடிச்சுக்கு நடுவில் யூரியா விழுந்தாலும் இந்தப் பச்சைதான் வரும், வேலை சில நாளிலேயே குறையும், நிறம் ஒன்றிரண்டு வாரத்தில் மாறும். கீறியதும் உடனே பாருங்கள், காற்றுப் பட்டுச் சற்று நேரத்தில் எல்லாமே பழுப்பாகிவிடும், அப்புறம் சிவப்பா பச்சையா என்று இங்கே படம் போட்டுக் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.